நவம்பர் மான் வேட்டைக்கு ‘முழுச்செற்’ உடுப்பு வாங்க இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஒன்ராறியோவில் இந்த நவம்பரில் முதல்முறை மான் வேட்டைக்குப் போக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் இருந்துகொண்டு, வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து, துவக்கு அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டு, இனி உடுப்பு மட்டும்தான் பாக்கி என்றிருக்கும் எங்கள் பெடியளுக்கு.

‘குளிர்கால வேட்டை முழுச்செற், நாலு அடுக்கு, 420 டொலர்’ என்று ஒருவர் விற்றுக்கொண்டிருக்கிறார். கடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. விளம்பரம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது, பொருள் ஒரு களஞ்சிய அறையில் கைமாறுகிறது. வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், அதில் வரும் ஆரஞ்சு வெஸ்ற்றைப் போட்டுக்கொண்டு வேட்டைக்காலத்தில் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள்.

போன இலையுதிர்காலத்தில் எனக்கும் அக்காவின் மகனுக்குமாக இரண்டு செற் வாங்கினேன். அவனுக்கு அது முதல் வேட்டைக்காலம். செற்றில் இருந்தவை இவைதான்: உடம்போடு ஒட்டும் ‘100 வீத மெரினோ’ (மெரினோ ஆட்டின் மென்மையான கம்பளி) உள்ளுடுப்பு, பிளீஸ் எனும் மெத்தென்ற செயற்கைத் துணியில் மேற்சட்டை, பஞ்சு வைத்த நீர்புகா ஜக்கெற்றும் தோள்பட்டி வைத்த காற்சட்டையும், ஆரஞ்சு வெஸ்ற்றும் தொப்பியும். நல்ல கம்பெனி உடுப்புகளைத் தனித்தனியாக வாங்கினால் இதற்கு ஆயிரம் டொலரைத் தாண்டும். விற்றவர் தமிழர். “அண்ணை, எங்கட ஆக்கள் எண்டபடியால்தான் இந்த விலை. வெள்ளைக்காரன்ர கடையில மெரினோ மேற்சட்டை மட்டும் நூறு டொலர்” என்றார். காசை இ-ட்ரான்ஸ்ஃபராக, அதாவது வங்கிக் கணக்கில் இருந்து இணையத்தில் அனுப்பும் காசாக, மட்டும்தான் வாங்குவாராம். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வெஸ்ற்றில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் உயிர் இருக்கிறது. ஒன்ராறியோ விதி தெளிவானது. துவக்கால் மான் வேட்டையாடும் காலத்தில் இடுப்புக்கு மேலே குறைந்தது 2,580 சதுர சென்ரிமீற்றர், அதாவது 400 சதுர அங்குலம், வேட்டை ஆரஞ்சு நிறம் எல்லாப் பக்கத்தாலும் தெரியவேண்டும். தலையிலும் ஆரஞ்சுத் தொப்பி வேண்டும். தொப்பியில் இலை, கொப்பு உருவங்கள் அச்சடித்திருந்தால் பரவாயில்லை. ஆனால் உடம்பில் போடும் ஆரஞ்சில் அப்படி அச்சடித்த துணியும் சல்லடைத் துணியும் அந்த 400 அங்குலக் கணக்கில் சேராது. இவர் தந்த வெஸ்ற்றில் முன்பக்கம் முழுக்கக் கறுப்பு மரக்கொப்பு உருவம், இரண்டு விலாவிலும் சல்லடை. முதுகில் மட்டும் ஒரு துண்டு வெறும் ஆரஞ்சு. ‘ஒன்ராறியோ விதிக்கு ஏற்றது’ என்று அதில் தொங்கிய அட்டையில் அச்சடித்து வேறு இருந்தது.

ஏன் வெறும் ஆரஞ்சு இல்லை என்று வாங்கும்போதே கேட்டேன். “வெறும் ஆரஞ்செண்டால் மான் கண்டிடும் அண்ணை” என்றார். இது பொய். மானின் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்பு உயிரணுக்கள் இரண்டு வகைதான். சிவப்பு, ஆரஞ்சுப் பக்கத்து ஒளிக்கான வகை அதற்கு இல்லை. எங்களுக்குத் தீப்போலத் தெரியும் ஆரஞ்சு அதற்கு மங்கலாகத்தான் தெரியும். அந்த உருவம் அச்சடிப்பதால் மனிதக் கண்ணுக்கும் ஆள் மறைந்துபோவார். வைகறை அரையிருட்டில், இலை உதிர்ந்த காட்டில், துவக்கோடு இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் மறைவது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

பாங்க்ரொஃப்ற்றுக்கு வடக்கே நாங்கள் தங்கிய முகாமில், வேட்டை தொடங்குவதற்கு முதல்நாள் இரவே மூத்த வேட்டைக்காரர் ஒருவர் இதைக் கண்டுவிட்டார். வெஸ்ற் இரண்டையும் கழற்றி வாங்கி வைத்துவிட்டு, தன்னிடமிருந்த வெறும் ஆரஞ்சு வெஸ்ற்றுகளைத் தந்தார். அந்த மனிதருக்கு நான் பட்ட கடன் பெரிது. முதுகுப்பை போட்டால் பின்பக்க ஆரஞ்சு மறைந்துபோகும், பைக்கும் ஓர் ஆரஞ்சு உறை கட்டு என்று அவர்தான் சொல்லித் தந்தார்.

மற்ற மோசடிகள் அடுத்தநாள் காட்டில் தெரியவந்தன. காலையில் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே, காற்றோடு. ஒன்பது மணிபோல ஈரப்பனி தூறத் தொடங்கியது. ஒன்ராறியோ நவம்பரின் மிக மோசமான குளிர் இதுதான். ஜனவரியின் வறண்ட மைனஸ் இருபதை விட, பூச்சியத்தை ஒட்டிய நனைந்த குளிர்தான் ஆளைச் சாய்க்கும்.

அடுக்கு உடுப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இந்த மோசடி எவ்வளவு கெட்டது என்பது விளங்காது. உள்ளடுக்கின் வேலை சூடு தருவது அல்ல, வியர்வையைத் தோலில் இருந்து எடுத்து வெளியே தள்ளுவது. நடு அடுக்கு அசையாத காற்றைப் பிடித்து வைத்திருக்கும், சூடு அந்தக் காற்றில்தான் இருக்கிறது. வெளியடுக்கு காற்றையும் மழையையும் மறிக்கும். உள்ளடுக்கு பொய்த்தால் மேலே எத்தனை அடுக்குப் போட்டாலும் பயனில்லை, ஏனென்றால் நீர் காற்றை விட இருபது மடங்குக்கும் அதிகமான வேகத்தில் உடம்புச் சூட்டைக் கடத்திவிடும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை இழைக்குள்ளே வாங்கியும் தோலுக்கு ஈரம் தெரியாமல் வைத்திருக்கும். பொலியெஸ்ரர் இழை ஈரத்தைக் கிட்டத்தட்ட வாங்கவே வாங்காது, விரைவில் காய்ந்துவிடும். பருத்தி மட்டும் தண்ணீரைக் குடித்துவிட்டு அப்படியே தோலில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வேட்டையில் இது இன்னும் கொடியது: இருட்டோடு ஏற்றம் ஏறி வியர்த்து நடப்போம், பிறகு மணிக்கணக்காக அசையாமல் குந்தியிருப்போம். மலையேறுபவர் தொடர்ந்து நடப்பதால் சூடு வந்துகொண்டிருக்கும். வேட்டைக்காரருக்கு அது இல்லை.

மருமகன் என்னிடமிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தான். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு அவனைப் பார்க்கப் போனேன். அவன் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. துவக்கில் இருந்து தோட்டாவை எடுக்கச் சொன்னேன், விரல் வளையவில்லை. நான்தான் எடுத்தேன். “மாமா, நான் ஓக்கே” என்றான், ஆனால் வாய் குளறியது. உடல்வெப்பம் 35 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவதுதான் தாழ்வெப்பநிலை. நடுக்கம், விரல் தடுமாறுவது, பேச்சுக் குளறுவது எல்லாம் அதன் அறிகுறிகள். அந்தக் கையில் நிரப்பிய துவக்கு இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. குடிலுக்குக் கொண்டுவந்து, நனைந்ததையெல்லாம் கழற்றி, காய்ந்த கம்பளிக்குள் சுற்றி, இனிப்புப் போட்ட சூடான தேநீர் கொடுத்தோம். கைகாலை உரஞ்சவும் கூடாது, குடிவகை கொடுக்கவும் கூடாது. முகாமில் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. பையன் தேறிவிட்டான்.

அவன் கழற்றிய உள்ளுடுப்பைப் பிழிந்தேன், தண்ணீர் ஒழுகியது. மெரினோவைப் பிழிந்தால் இப்படி ஒழுகாதே என்று சந்தேகம் வந்தது. மூத்தவர் தையலோரத்தில் இரண்டு நூலை உருவி, அடுப்படியில் காயவைத்து, குறட்டால் பிடித்துத் தீக்குச்சி வைத்தார். ஒரு நூல் காகிதம் எரிந்தது போலச் சட்டென்று எரிந்து மெல்லிய சாம்பலாகப் போனது: பருத்தி. மற்றது உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகியது: பொலியெஸ்ரர். கம்பளி என்றால் தலைமயிர் கருகும் மணம் வரவேண்டும், தீயை எடுத்தவுடன் தானாக அணையவேண்டும், கரியை விரலால் நசுக்கினால் பொடியாகவேண்டும். அந்த மணம் துளிகூட இல்லை. வீட்டிலேயே எவரும் செய்யக்கூடிய சோதனை இது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்து, ஒரே ஒரு நூலில் செய்யுங்கள்.

ஜக்கெற்றை உள்ளே திருப்பிப் பார்த்தோம். துணிக்குப் பூச்சு இருக்கிறது, ஆனால் தையல்கள் மேல் ஒட்டுநாடா இல்லை. ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். தோளிலும் முழங்கையிலும் பனி கரைந்து உள்ளே இறங்கியது அதனால்தான். நீர்புகா என்று சொல்லி விற்கும் எதையும் உள்ளே திருப்பித் தையலைப் பாருங்கள், நாடா ஒட்டியிருக்கவேண்டும். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கசக்கியும் பாருங்கள். இந்த ஜக்கெற் கையை உயர்த்தினாலே சரசரத்தது. மானுக்கு அந்தச் சத்தம் போதும். பிளீஸ் மேற்சட்டை மட்டும் உண்மையான பிளீஸ். மெல்லியது, ஆனால் பழுதில்லை.

வந்தவுடன் விற்றவருக்குத் தொலைபேசி எடுத்தேன். “பாவிச்ச உடுப்புத் திருப்பி எடுக்கேலாது அண்ணை, எல்லாம் இறுதி விற்பனை” என்றார். பையன் பட்ட பாட்டைச் சொன்னேன். “நீங்கள் வடிவாப் போடத் தெரியாமல் போட்டிருப்பியள்” என்றார். அதற்குப் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். கடனட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிட்டுக் காசை மீட்க ஒரு வழி இருந்திருக்கும். இ-ட்ரான்ஸ்ஃபர் மறுபக்கக் கணக்கில் விழுந்துவிட்டால் திரும்பி எடுக்க முடியாது. அவர் கடனட்டை வாங்காததற்குக் காரணம் இதுதான்.

‘இறுதி விற்பனை’ என்று சொன்னவுடன் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான தகவல் சொல்லி விற்றால் அது நேர்மையற்ற வணிக நடைமுறை. ஒப்பந்தம் செய்து ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவித்து அதை ரத்துச் செய்யலாம். ‘இறுதி விற்பனை’ என்ற சொல் இந்த உரிமையை அழிக்காது. நான் விளம்பரத்தின் படம், அட்டையின் படம், எரித்த நூலின் படம் எல்லாவற்றோடும் பதிவுத்தபாலில் கடிதம் அனுப்பினேன். கொஞ்ச நாளில் இன்னொருவர் மூலம் தூது வந்தது: பாதிக்காசு தருவாராம், ஆனால் இதைப்பற்றி ஒருவரிடமும் பேசக்கூடாதாம். மறுத்துவிட்டேன். மிச்சத்தைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் பார்க்கப்போகிறேன்.

லேபலைப் பற்றியும் சொல்லவேண்டும். கனடாவில் விற்கும் துணிக்கு இழை லேபல் கட்டாயம்: எந்த இழை எத்தனை வீதம் என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கவேண்டும், விற்பவரின் பெயரும் முகவரியும், அல்லது சி.ஏ. என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்கவேண்டும். அந்த எண்ணை அரசாங்க இணையத்தளத்தில் போட்டால் யாருடையது என்று வரும். எங்கள் உள்ளுடுப்பில் தைத்த லேபலை அடியோடு வெட்டி எடுத்திருந்தார்கள், நூல்முனை மட்டும் மிச்சம். தொங்கவிட்ட அட்டையில் மட்டும் மெரினோ என்று இருந்தது, எண்ணும் இல்லை, முகவரியும் இல்லை. லேபல் வெட்டிய உடுப்பை எந்த விலைக்கும் தொடாதீர்கள்.

குறைந்த காசில் அடுக்கு உடுப்பு சேர்க்க முடியாது என்று நான் சொல்லவரவில்லை. தாராளமாக முடியும், ஆனால் ஒரே பொதியாக வாங்கி அல்ல. இந்த வருடம் இருவருக்கும் துண்டுதுண்டாகச் சேர்த்தேன், ஆளுக்கு 200 டொலரைத் தாண்டவில்லை. உள்ளடுக்குக்கு மெரினோ வேண்டும் என்றே இல்லை, சாதாரணப் பொலியெஸ்ரர் தேர்மல் செற் போதும். பருத்தி ஒரு வீதம்கூட இல்லை என்பதை லேபலில் பாருங்கள், அவ்வளவுதான். நடு அடுக்குக்குப் பழைய உடுப்புக் கடைகளில் ஆண்கள் கம்பளிச் சுவெற்றர்கள் பத்துப் பதினைந்து டொலருக்குக் கிடக்கின்றன. பெரும்பாலானவர்கள் அக்ரிலிக் எனும் செயற்கை இழையைக் கம்பளி என்று நினைத்து எடுத்துவிடுவார்கள், அங்கேயும் லேபல்தான் வழிகாட்டி. ராணுவ உபரிக் கடைகளில் தடித்த கம்பளிக் காற்சட்டை கிடைக்கும். பாரம்தான், ஆனால் சத்தம் போடாது, நனைந்தாலும் சூட்டை விடாது. எனக்கு அதைவிடப் பிடித்த வேட்டை உடுப்பு வேறில்லை. வெளியடுக்குக்கு மட்டும் கொஞ்சம் காசு போடுங்கள், அல்லது தையல் நாடா உள்ள பழைய மழை ஜக்கெற்றை உள்ளே போட்டு மேலே அகலமான கம்பளிச் சட்டையைப் போடுங்கள், சரசரப்பு அடங்கிவிடும்.

சப்பாத்தில் இரண்டு சொக்ஸ் திணித்து இறுக்காதீர்கள். இரத்தம் ஓடாவிட்டால் எந்தச் சப்பாத்தும் கால்விரலைக் காக்காது. ஒரு தடித்த கம்பளிச் சொக்ஸும் விரல் அசைக்க இடமும் போதும். காலையில் நடந்து போகும்போது கொஞ்சம் குளிருகிற அளவுக்கே உடுத்துங்கள், தடித்த ஜக்கெற்றைப் பையில் கொண்டுபோய், இருக்கும் இடத்துக்குப் போன பிறகு, வியர்வை ஆறவிட்டு, போடுங்கள். இந்தப் பழக்கத்துக்குக் காசே தேவையில்லை, ஆனால் வேறெந்த ஜக்கெற்றையும் விட அதிகம் காப்பாற்றும்.

வெறும் ஆரஞ்சு வெஸ்ற் எந்த வேட்டைக் கடையிலும் இருபது டொலர் அளவில் இருக்கிறது. அந்தச் செற் வாங்கியவர்கள் முதலில் அதை மாற்றுங்கள். பிறகு உங்கள் உள்ளுடுப்பிலும் ஒரு நூலை எரித்துப் பாருங்கள், படம் எடுங்கள். பொய் லேபலுக்கான முறைப்பாட்டைக் கனடாவின் போட்டிப் பணியகத்துக்கு இணையத்தில் அனுப்பலாம், நானும் அனுப்பியிருக்கிறேன். அவருடைய விளம்பரம் போன கிழமையும் புதிதாக ஒரு குழுவில் வந்திருந்தது. வாங்கிய நாள், கட்டிய காசு, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள், எழுதும்போது சேர்த்து அனுப்புங்கள்.