ஆன்டிஆக்ஸிடன்ட்: மாத்திரையா, காய்கறி பழமா?

இரண்டு வருடம் விடாமல் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை, அதாவது செல்கள் சிதையாமல் காக்கும் என்று சொல்லப்படும் சத்து மாத்திரை, போட்டவன் நான். வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின் (கேரட்டுக்கு நிறம் தரும் சத்து), செலினியம் எல்லாம் ஒரே மாத்திரையில். போன வருடம் அதை நிறுத்திவிட்டுக் காய்கறி, பழம் பக்கம் வந்துவிட்டேன். அதனால் இதில் நடுநிலை எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம்.

மாத்திரையின் வசதி தெரிந்ததுதான். கழுவ வேண்டாம், நறுக்க வேண்டாம், அழுகாது. காய்கறியை வாங்கி நாலு நாள் மறந்தால் போச்சு. சரி, அதோடு விடுவோம்.

என்னை மாற்றியது ஒரே விஷயம்: அளவு.

உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற நிலையற்ற மூலக்கூறுகள் உருவாகின்றன, அவை செல்களைச் சிதைப்பதால்தான் முதுமையே வருகிறது என்று 1956-இல் அமெரிக்க விஞ்ஞானி டென்ஹம் ஹார்மன் எழுதினார். அவற்றை அடக்குபவைதான் ஆன்டிஆக்ஸிடன்ட்கள். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு இதய நோயும் சில புற்றுநோய்களும் குறைவு என்பதும் தெரியவந்தது. அப்படியானால் அதிலுள்ள சத்தை மட்டும் பிரித்தெடுத்து அள்ளிக் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கொடுத்தே பார்த்துவிட்டார்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஓர் ஆய்வு. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம் என்று 1994-இல் முடிவு வந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என்று 18,000 பேருக்கு மேல் வைத்து பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் கொடுத்த இன்னொரு ஆய்வில் அது 28 சதவீதம் அதிகமாகி, 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அந்த ஆய்வின் சுருக்கப் பெயர் கேரட், பாவம்!

நான் புகைபிடிப்பதில்லை, அதனால் இது எனக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அமெரிக்க டாக்டர்கள் 22,000 பேர் பீட்டா கரோட்டின் ஆய்வில் சேர்ந்து, 12 வருடம் போல ஓடியும், அதனால் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை என்றுதான் முடிந்தது. ஒன்றுமே நடக்காததற்கு எதற்குத் தினம் ஒரு மாத்திரை?

ஃப்ரீ ராடிக்கல் முழுக்க எதிரியும் இல்லை. வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்ல அதையும் பயன்படுத்துகின்றன. உடற்பயிற்சியின்போது அது கொஞ்சம் கூடுவதுதான் உடலைப் பழக்கும் சைகை. வைட்டமின் சி 1,000 மில்லிகிராமும் ஈ-யும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு, உடற்பயிற்சியால் இன்சுலின் வேலை மேம்படுவது தடைபட்டதாக 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. நானோ ஓடி முடித்த கையோடு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டில் இந்தப் பிரச்சினை வராததற்குக் காரணம், அது கொஞ்சம் கொஞ்சமாக, பல பொருளாகக் கலந்து வருவதுதான். கேரட்டை அளவுக்கு மீறித் தின்றால் தோல் மஞ்சளாகும், அவ்வளவுதான். கூடவே நார்ச்சத்து, பொட்டாசியம் எல்லாம் சேர்ந்து வருகின்றன. சொல்லப்போனால் பழத்தின் நன்மையில் ஆன்டிஆக்ஸிடன்ட்டின் பங்கு எவ்வளவு என்பதே விவாதத்துக்குரியது. தாவரங்களில் உள்ள ஆன்டிஆக்ஸிடன்ட் வகையான பாலிஃபீனால்களில் பெரும்பகுதி ரத்தத்தில் சேர்வதே இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழம். தக்காளியை எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் அதன் சிவப்பு நிறச் சத்தான லைகோபீன் உடலில் நன்றாகச் சேரும், ஆனால் காய்கறியை நிறைய நீரில் வேகவைத்து நீரைக் கொட்டினால் வைட்டமின் சி-யும் அதோடு போய்விடும்.

மாத்திரைக்கு நியாயமான இடமும் உண்டு. வயதானவர்களுக்கு வரும் விழித்திரை மையச் சிதைவு நடுக்கட்டத்தை எட்டியிருந்தால், வைட்டமின் சி, ஈ, துத்தநாகம் எல்லாம் சேர்ந்த ஒரு கலவை அது முற்றுவதற்கான வாய்ப்பை 25 சதவீதம் அளவுக்குக் குறைத்தது. பின்னால் வந்த கலவையில் பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு, கீரையில் உள்ள லூட்டீன் என்ற நிறமிச் சத்தைப் போட்டார்கள். எனக்குக் கண்ணில் கோளாறு இல்லை, அதனால் அனுபவமாகச் சொல்ல ஒன்றுமில்லை, அது கண் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் கீரையைத் திடீரென்று கூட்டும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும், அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் வைட்டமின் கே அதில் அதிகம்.

மாறிய பிறகு உடம்பில் என்ன தெரிந்தது என்றால், வயிறு சீரானது. அது நார்ச்சத்தின் வேலை, ஆன்டிஆக்ஸிடன்ட் கணக்கில் எழுத மாட்டேன்.