அடாப்டர்: நாமே எழுதுவதா, ரெடிமேட் கனெக்டரா, நடுவில் ஒரு ஹப்பா?

இரண்டு சிஸ்டங்களை இணைத்து, ஒன்றின் டேட்டாவை மற்றதற்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் கோடுதான் அடாப்டர். அதை எழுதுவது ஒரு வாரத்து வேலை. அதைக் கட்டி மேய்ப்பது வருடக் கணக்கில். மூன்று வழிகளில் எது மலிவு என்பதை அந்த இரண்டாவது கணக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சொந்தமாக எழுதினால், எதிர்த்தரப்பின் ஏபிஐ (மற்ற புரோகிராம்கள் அவர்கள் சிஸ்டத்தோடு பேசும் வழி) மாறும் காலண்டர் நம் காலண்டர் ஆகிவிடும். ஆன்லைன் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபை மூன்று மாதத்துக்கு ஒரு ஏபிஐ வெர்ஷன் விடுகிறது. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 12 மாத ஆயுள். வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் சேல்ஸ்ஃபோர்ஸில் ஒரு வெர்ஷன் குறைந்தது மூன்று ஆண்டு தாங்கும், 21.0 முதல் 30.0 வரையிலான பழைய வெர்ஷன்களை 2025-ல் நிறுத்தியது. நிறுத்திய வெர்ஷனைக் கூப்பிட்டால் சேல்ஸ்ஃபோர்ஸில் எரர் வரும், உடனே தெரிந்துவிடும். ஷாப்பிஃபையில் எரர் வராது. இன்னும் உயிரோடு இருக்கும் வெர்ஷன்களில் மிகப் பழையது எதுவோ, அதிலிருந்து பதில் வரும். ‘எல்லாம் சரி’ என்னும் 200 ஓகே கோடு, லாக் சுத்தம். ஆனால் நாம் எதிர்பார்த்த ஒரு ஃபீல்டு இல்லை, அவர்கள் ஃபீல்டை நம் ஃபீல்டோடு பொருத்தும் மேப்பிங் அந்த இடத்தில் பூஜ்யத்தை நிரப்பிவிடுகிறது. ஸ்டாக் கணக்கு இடிக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். எந்த வெர்ஷனில் பதில் வந்தது என்பது ரெஸ்பான்ஸ் ஹெடரிலேயே இருக்கிறது. கேட்டதும் வந்ததும் வேறாக இருந்தால் அலர்ட் அடிக்க இரண்டு வரி கோடு போதும். பலர் அதைக்கூடப் போடுவதில்லை.

வேறொருவர் எழுதி விற்கும் அடாப்டரான ரெடிமேட் கனெக்டரில் இந்தத் தலைவலி விற்பவருடையது. பதிலுக்கு வேறு வலி: நம் கஸ்டம் ஃபீல்டு விட்டுப்போனால் அவர்கள் வரிசையில் நின்று காத்திருக்க வேண்டும். இழுக்கும் டேட்டாவில் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் இவ்வளவு என்று கட்டணம் இருந்தால், பழைய டேட்டாவை முழுதாக மறுபடி இழுக்கும் ஒரு நாளில் பில் எகிறும். ஓப்பன் சோர்ஸ் கனெக்டரை ஃபோர்க் செய்தால் (நகலெடுத்து நாமே மாற்றினால்) அது மறுபடி சொந்த அடாப்டர்தான், அதுவும் வேறொருவர் எழுதியது.

ஹப் என்றால் எல்லா சிஸ்டமும் நடுவில் உள்ள ஒன்றோடு மட்டும், ஒரே பொது மாடலில் பேசுவது. அதன் கணக்கு காகிதத்தில் அழகு. மூன்று சிஸ்டம் என்றால் நேரடி இணைப்பும் மூன்று, ஹப் அடாப்டரும் மூன்று, லாபமே இல்லை. ஆறு என்றால் 15-க்கு 6. ஆனால் எல்லாம் எல்லாவற்றோடும் பேசுவது அபூர்வம். தவிர, ‘வாடிக்கையாளர்’ என்றால் பில்லிங்குக்கு ஒரு நிறுவனம், சப்போர்ட்டுக்கு ஒரு ஆள். இரண்டையும் பொது மாடலில் திணித்தால் பாதி ஃபீல்டு ஆப்ஷனல் ஆகிவிடும். ஒரே தகவல் ஐந்து இடங்களுக்காவது போகாதவரை ஹப் வேண்டாம்.

எதை எடுத்தாலும் சர்ட்டிஃபிகேட் விடாது. இணைய இணைப்பில் எதிர்த்தரப்பு யார் என்று உறுதி செய்யும் பொது டிஎல்எஸ் சர்ட்டிஃபிகேட்டின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027-ல் 100, 2029-ல் 47. ‘இந்தச் சர்ட்டிஃபிகேட் மட்டுமே செல்லும்’ என்று கோடில் பின் செய்து வைத்த அடாப்டர் அடிக்கடி படுக்கும்.

பணமும் ஆர்டரும் ஓடும் இணைப்பைச் சொந்தமாக எழுதலாம். ரிப்போர்ட்டுக்கும் மெயில் பட்டியலுக்கும் ரெடிமேட் போதும். எழுதுவதில் லாகின், ரீட்ரை (தோற்றால் மறுபடி முயல்வது) ஒரு ஃபைலிலும் மேப்பிங் இன்னொன்றிலும் இருக்கட்டும். தனிநபர் விவரம் நீக்கிய இருபது நிஜ ரெஸ்பான்ஸ்களைச் சேமித்து மேப்பிங்கை டெஸ்ட் செய்யுங்கள். அது நம் தவறை மட்டுமே பிடிக்கும். அவர்கள் செய்த மாற்றத்தைப் பிடிக்க, தினமும் இரவில் அவர்களுடைய சாண்ட்பாக்ஸுக்கு (சோதனைக்கான தனி சிஸ்டம்) ஒரு நிஜ ஏபிஐ அழைப்பு போக வேண்டும்.