புளிச்சோறா நூடுல்ஸா, இளநீரா எலுமிச்சை உப்புத் தண்ணீரா? மெக்ரிட்சி நடைக்கும் உபின் இரவுக்கும்

சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி வரும் 11 கிலோமீட்டர் பாதையை நானும் மச்சானும் முடித்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தபோது, அவர் கறுப்புச் சட்டையின் முதுகில் விபூதி பூசியது போல வெள்ளைக் கோடுகள். அத்தனையும் வியர்வை காய்ந்த உப்பு. மூன்று லிட்டர் பச்சைத்தண்ணீர் குடித்திருந்தார், ஆனாலும் தலைவலி, குமட்டல், பேசவே முடியவில்லை. நான் அவரைவிடக் குறைவாகத்தான் குடித்திருந்தேன், ஆனால் என் பாட்டிலில் எலுமிச்சையும் உப்பும் இருந்தன. ஒரு நாள் அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் அன்றிலிருந்து பைக்குள் எதை வைப்பது என்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

சிங்கப்பூரில் வெயிலைவிட ஈரப்பதம்தான் ஆளை வாட்டும். வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருப்பதால் உடம்பு குளிர்வதில்லை, குளிராததால் இன்னும் வியர்க்கிறது. வேகமாக நடப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் போவது சாதாரணம், அதில் ஏறத்தாழ ஒரு கிராம் சோடியமும் சேர்ந்தே போகும் (ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும், சட்டையில் வெள்ளைக் கோடு விழுகிறவர்கள் அதிகம் இழப்பவர்கள்). வெறும் தண்ணீர், போன தண்ணீரை மட்டும்தான் ஈடுகட்டும். அதையே அளவுக்கு மீறி ஊற்றிக்கொண்டால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாகிவிடும்.

சரி, முதலில் குடிப்பவை. ஒரு மணி, ஒன்றரை மணி நேர நடை என்றால், அதுவும் வீட்டில் பசியாறிவிட்டுக் கிளம்பினால், குழாய்த் தண்ணீரே போதும். புக்கித் தீமா குன்றின் உச்சி 163 மீட்டர்தான், ஏறி இறங்க எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். போட்டி அதற்கு மேல்தான் தொடங்குகிறது.

இளநீருக்குத்தான் எங்கள் வீட்டில் ஆதரவு அதிகம். எனக்கும் அது பிடிக்கும், ஆனால் இந்த வேலைக்கு அது பாதிதான் பொருத்தம். இளநீரில் தாராளமாக இருப்பது பொட்டாசியம், வியர்வையில் அதிகம் போவதோ சோடியம். தேக்கா சந்தையில் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள், கூடவே நாலு உப்புக்கடலை சாப்பிட்டால் கணக்குச் சரியாகிவிடும்.

100பிளஸ் இந்த ஊர்க்காரர்களின் பானம். ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் தன் நூறாவது ஆண்டில், 1983இல், கொண்டுவந்தது, பெயரே அதனால்தான். உப்பும் சர்க்கரையும் இரண்டும் உண்டு, எந்தக் காப்பிக்கடையிலும் கிடைக்கும். பானத்தின் சர்க்கரை அளவைக் காட்டும் நியூட்ரி-கிரேடு எழுத்தைப் பார்த்துச் சர்க்கரைக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் டிவி முன்னால் குடிக்கும்போது அந்தப் பயம் நியாயம். மூன்று மணி நேரம் வியர்த்த பிறகு கொஞ்சம் சர்க்கரை இருந்தால்தான் குடல் சோடியத்தையும் தண்ணீரையும் சேர்த்து வேகமாக உள்ளே இழுக்கும், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புக்கரைசல் வேலை செய்வதும் இதே வழியில்தான். எனக்கு இதில் உள்ள குறை வாயு மட்டுமே. நாலு மடக்கிலேயே வயிறு நிரம்பிய மாதிரி ஆகிவிடும், தேவையான அளவு குடிக்க மாட்டோம். வாயு இல்லாத வகையும் விற்கிறார்கள், அதைத் தேடி வாங்குங்கள்.

மருந்துக்கடை உப்புக்கரைசல் பொட்டலத்தில் சோடியம் இன்னும் அதிகம். அது நோய்க்கானது, நடைக்கு வேண்டாம். முதலுதவிப் பையில் மட்டும் இரண்டு கிடக்கட்டும்.

நான் கொண்டுபோவது இதுதான்: ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு பெரிய எலுமிச்சம்பழம், கால் தேக்கரண்டி உப்பு, மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, இஞ்சி தட்டிப் போட்டால் குமட்டலும் அண்டாது. கால் தேக்கரண்டி உப்பில் அரை கிராமுக்குச் சற்று மேல் சோடியம் இருக்கிறது, கடைப் பானங்களும் சுமார் அந்த அளவுதான். செலவு ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) ஆகாது. மோரும் இதே வேலையைச் செய்யும், அம்மா அதைத்தான் கொடுத்தனுப்புவார், ஆனால் இந்தச் சூட்டில் இரண்டாவது மணியிலேயே புளிக்க ஆரம்பித்துவிடும், அதனால் மோரை வீடு திரும்பிய பிறகு குடிக்கிறேன். உறிஞ்சுகுழாய் வைத்த தண்ணீர்ப் பை வைத்திருப்பவர்கள் அதில் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். சர்க்கரை போனால் குழாய்க்குள் பூஞ்சை பிடிக்கும், கழுவி மாளாது.

அப்புறம் சாப்பாடு. உபின் தீவின் ஜெலுத்தோங் கடற்கரையில் ஓர் இரவு தங்குவதை எடுத்துக்கொள்வோம். அந்தத் தீவு மக்கள் புழங்குவது கிணற்றுத் தண்ணீர். நாம் குடிக்கவும் சமைக்கவும் வேண்டியதைத் தோளில்தான் சுமக்க வேண்டும், எனவே எந்தச் சாப்பாடு எவ்வளவு தண்ணீர் கேட்கும் என்பதும் ஒரு கேள்வி. இன்னொன்று நேரம். சமைத்த சாப்பாட்டை வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது இங்கே விருந்துச் சாப்பாட்டுக்குச் சொல்லப்படும் விதி. உபினுக்குப் படகு கிளம்ப, சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேரும்வரை காத்திருந்தால் அதுவும் இந்த நாலு மணியில்தான் கழியும்.

அதனால்தான் தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோறு எனக்குச் சரிப்படவில்லை. ஒரு முறை மதியம் வாங்கிக்கொண்டு போனோம், இரவு எட்டு மணிக்கு இலையைப் பிரித்ததுமே தேங்காய்ப்பால் வாடை மாறியிருந்தது. கடைக்காரர் மேல் குற்றமில்லை, அது உடனே சாப்பிட வேண்டிய சாப்பாடு.

புளிச்சோறு அப்படியில்லை. நம் ஆட்கள் தீர்த்தயாத்திரைக்குக் கட்டுச்சோறாக அதைத் தேர்ந்ததில் காரணம் இருக்கிறது: புளியின் அமிலம், நல்லெண்ணெய், உப்பு. சோற்றைக் கொஞ்சம் உதிரியாக வடித்து, அகலத் தாம்பாளத்தில் பரப்பி, ஆவி முழுக்க அடங்கிய பிறகுதான் புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசைய வேண்டும். சூட்டோடு டப்பாவை மூடினால் உள்ளே நீர் கோத்து எல்லாம் வீணாகும். வாழையிலையை அனலில் வாட்டி மடித்துக் கட்டினால் தண்ணீரே வேண்டாம், பாத்திரமும் கழுவ வேண்டாம். ஆனால் புளி காப்பாற்றும் என்று நம்பி நாள் கடத்தாதீர்கள். நான் கிளம்புவதற்குச் சற்று முன்னால் பிசைந்து, கூடாரம் அடித்ததுமே சாப்பிட்டுவிடுகிறேன். மிச்சத்தைக் காலைக்கு வைப்பதே இல்லை, சோற்றில் வளரும் கிருமி விடும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

காலைக்குத்தான் நூடுல்ஸ். பாக்கெட்டுக்கு அரை லிட்டர் தண்ணீர் கேட்கும், ஆனால் அதைச் சூப்பாகக் குடித்துவிடுவதால் வீணாவதில்லை. பல பாக்கெட்டுகளில் ஒரு கிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது, மற்ற நாளில் நான் பாதிப் பொடியைக் கொட்டிவிடுவேன், முகாமில் முழுதும் போடுகிறேன். இடிப்பது அடுப்புதான். எளிதில் தீப்பற்றும் பொருள்களுக்கு எம்ஆர்டி ரயிலில் தடை உண்டு, எரிவாயுக் குப்பியை அதில் கொண்டுபோக முடியாது. அடுப்பு இல்லாதவர்களுக்கு ரொட்டி, டின் மத்தி, வாழைப்பழம் போதும். அல்லது அவலை ஊறவைத்து வெல்லம் போட்டுச் சாப்பிடலாம், கைப்பிடித் தண்ணீர்தான் செலவு.

கொறிக்க எனர்ஜி பாரா கடலைமிட்டாயா என்றால் யோசிக்கவே வேண்டாம். நிலக்கடலை 100 கிராமில் 560 கலோரிக்கு மேல், பாரில் உள்ள சாக்லேட் மாதிரி உருகி உறையில் ஒட்டாது, விலையும் குறைவு. இனிப்பு திகட்டினால் உப்புக்கடலை.

எதை எடுத்தாலும் பிளாஸ்டிக் பையில் தொங்கவிடாதீர்கள். புக்கித் தீமா, மெக்ரிட்சிக் குரங்குகளுக்கு அந்தச் சரசரப்பே அழைப்பு, உபினில் காட்டுப்பன்றி கூடாரம்வரை வரும். நீங்களாகத் தீனி போட்டால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம். மூடி இறுக்கமான டப்பா, அதையும் முதுகுப்பைக்குள்ளே வையுங்கள். இப்போது மச்சான் பையில் அவர் பங்குப் புளிச்சோற்றுப் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே எலுமிச்சைத் தண்ணீர் பாட்டிலும் இருக்கிறது, சர்க்கரை மட்டும் எனக்குப் போடுவதைவிட ஒரு கரண்டி குறைத்துப் போடச் சொல்லியிருக்கிறார்.