ஊர்த் தொண்டு நிறுவனமா, கம்பெனி அறக்கட்டளையா?

இரண்டு வருடத்துக்கு முன் என் கையில் இரண்டு வேலை ஆர்டர். ஒன்று, விழுப்புரம் பக்கம் பதினான்கு பேர் வேலை பார்க்கும் சின்ன தொண்டு நிறுவனம். இன்னொன்று, சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் அறக்கட்டளை. நான் சேர்ந்தது விழுப்புரத்தில். தராசு அந்தப் பக்கம் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சம்பளம், ஏசி, மெடிக்கல் இன்சூரன்ஸ் எல்லாம் அறக்கட்டளையில்தான் கூடுதல். இதில் பேச ஒன்றுமில்லை. 20 பேருக்குக் குறைவான இடத்தில் பி.எஃப் கட்டாயமில்லை, சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, உங்கள் சம்பளம் எந்தத் திட்டக் கணக்கிலிருந்து, எந்தத் தேதிவரை வருகிறது என்பதை. இந்தத் துறையில் திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. வெளிநாட்டு நிதி என்றால் இன்னும் இறுக்கம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ-வின் 2020 திருத்தத்தில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியது. வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றவும் தடை. பெரிய நிறுவனங்களிடம் வாங்கி ஓடிக்கொண்டிருந்த சின்ன இடங்களுக்கு இது பெரிய அடி. எங்களிடம் தனியாகக் கணக்கர் கிடையாது. வவுச்சர் எழுதுவதும் பீல்டு ஆள் வேலைதான். பஸ் டிக்கெட்டுகளை பாலிதீன் கவரில் சேர்த்துவைத்து மாதக் கடைசியில் வெள்ளைத்தாளில் வரிசையாக ஒட்டுவேன். செஞ்சி டிக்கெட் ஒன்றில் எழுத்து மங்கிவிட்டது. அந்தப் பணம் கடைசிவரை வரவில்லை.

ஆனால் அந்தத் தலைவலியில்தான் தொழில் படிந்தது. காலையில் ஆடிட்டர் எதிரே உட்கார்ந்து, பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்ற பயன்பாட்டுச் சான்றிதழுக்குக் கணக்குக் காட்டுவேன். ராத்திரி ஏழு மணிக்கு மகளிர் குழுக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து சேமிப்பு நோட்டைச் சரிபார்ப்பேன். முதல் மாதம் "சார்" என்றவர்கள் மூன்றாம் மாதம் "தம்பி, சாப்ட்டியா?" என்றார்கள்.

அறக்கட்டளைக்குள் நான் வேலை பார்த்ததில்லை. தோழி ஒருத்தி சொன்னதுதான்: மாதத்தில் நாலு நாள் கிராமம், மிச்சமெல்லாம் பிரசன்டேஷன். அங்கேயும் பணம் நிலையானதில்லை. பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடச் சட்டம் சொல்லும் 2 சதவீதம், முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் கணக்கிடுவது. லாபம் சரிந்தால் அதுவும் சரியும். போர்டு மனம் மாறி, பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கியது ஏரிக்குப் போய்விட்டதாம். அவளை மட்டும் வேறு வேலைக்கு மாற்றி வைத்துக்கொண்டார்கள். சின்ன இடத்தில் அதற்கு வழியில்லை. வீட்டுக் கடன் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போவதைத் தப்பென்று சொல்லமாட்டேன்.

என் திட்டம் வரும் மார்ச் 31 வரை. அடுத்ததற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். பட்ஜெட்டில் என் சம்பளம் என்ற அந்த ஒரு லைனை நானேதான் டைப் செய்தேன்.