சிட்னியில் தவளை வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

பையன் ஆறு மாதமாக நச்சரித்தான். நாய் வேண்டாம், பூனை வேண்டாம், பச்சை மரத்தவளைதான் வேண்டுமாம். ஊரில் தவளை வீட்டுக்குள் வந்தால் என் அம்மா துடைப்பத்தை எடுப்பார். இங்கே அதைக் காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் வைக்கிறார்கள். சரி, பிள்ளை ஆசைப்படுகிறானே என்று இறங்கி 140 டாலரைத் தொலைத்தேன். தொட்டி, புற ஊதா விளக்கு எல்லாம் தனிக் கணக்கு.

இணையத்தில் ஒரு விளம்பரம். படத்தில் உள்ளங்கை அளவுக்குக் கொழுகொழுவென்று, வாழையிலைப் பச்சையில் ஒரு தவளை. லைசென்ஸ் வேண்டுமா என்று விளம்பரம் போட்டவரிடம் கேட்டேன். "ஒன்றே ஒன்றுக்கு யாரும் கேட்கமாட்டார்கள், என்னிடம் இருக்கிறது, அது போதும்" என்று ஒரு நம்பரை மெசேஜில் அனுப்பினார். அதைச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

உண்மை நேர் எதிர். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்நாட்டுத் தவளை ஒன்றை வளர்க்க வேண்டுமென்றாலும் வளர்ப்பவர் பெயரில் லைசென்ஸ் வேண்டும். காட்டிலோ குளத்திலோ பிடித்து வரக் கூடாது. லைசென்ஸ் உள்ள ஒருவரிடமிருந்துதான் வாங்க வேண்டும். யாருக்குக் கொடுத்தோம் என்று கொடுப்பவரும் கணக்கு வைக்க வேண்டும். அதனால் ஒழுங்கான ஆள் விலை பேசுவதற்கு முன்பே உங்கள் லைசென்ஸ் நம்பரைக் கேட்பார். என்னிடம் கேட்கவில்லை. அங்கேயே நான் திரும்பி வந்திருக்க வேண்டும்.

டூங்காபி ஸ்டேஷன் கார் பார்க்கில், சாப்பாடு வாங்கும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத் துடைப்புத்தாள் மேல் உட்கார்ந்திருந்தது. கட்டைவிரல் நீளம். சாம்பல் நிறம். பச்சை எங்கே என்றேன். குளிரில் நிறம் மாறும், இரண்டு நாளில் பச்சையாகிவிடும் என்றார். அதோடு விடவில்லை. "இதன் அறிவியல் பெயருக்கே நீலம் என்றுதான் அர்த்தம், தெரியுமா?" என்று ஒரு பாடமும் நடத்தினார். இரண்டுமே பொய் இல்லை, அதுதான் கொடுமை. பச்சை மரத்தவளை பழுப்பாக மாறுவது உண்டு. 1790இல் ஜான் ஒயிட் என்ற மருத்துவர் அதை முதன்முதலில் விவரித்தபோது பதப்படுத்திய உடல் நீலமாகத் தெரிந்ததால் பெயரில் நீலம் ஏறிக்கொண்டதாம். உண்மையைக் கலந்து விற்கிறவனிடம் என்ன செய்வது?

ஒரு வாரம் ஆயிற்று, பச்சை வரவில்லை. பையன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, கண்ணுல கூட்டல் குறி இருக்குப்பா" என்றான். இருந்தது. கண்ணின் கருப்பு குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்த மாதிரி. முதுகில் கடுகைத் தூவியதுபோல் மரகதப் புள்ளிகள். தொட்டிக் கண்ணாடியில் ஏறும்போது தொடையின் பின்பக்கம் மஞ்சளும் கருப்புமாகத் தெரிந்தது. மழை பெய்த ஒரு ராத்திரி, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தொட்டியிலிருந்து பைத்தியக்காரன் சிரிப்பது மாதிரி ஒரு சத்தம். ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் ஃப்ராக்ஐடி செயலியில் ஒவ்வொரு தவளையின் குரலையும் போட்டுப் பார்த்தோம். அச்சு அசலாகப் பொருந்தியது பெரான் மரத்தவளை. சிட்னியில் தோட்டத்துக் குளத்திலேயே கிடைக்கிற சாதாரணத் தவளை. எங்கோ பிடித்து எனக்கு விற்றிருக்கிறார். நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் வாய் திறந்து விற்றவரைக் காட்டிக்கொடுத்தது. போன் செய்தேன், என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

பேசாமல் பின்னால் இருக்கும் ஓடையில் விட்டுவிடலாம் என்றாள் மனைவி. நல்ல வேளை, விடவில்லை. சைட்ரிட் என்ற பூஞ்சை தவளையின் தோலைத் தாக்குகிறது. தவளை நீர் குடிப்பதே தோல் வழியாகத்தான், மூச்சிலும் ஒரு பங்கு அப்படித்தான். எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒன்றை ஓடையில் விட்டால் அங்கிருக்கும் கூட்டத்துக்கே நோய் பரவலாம். லைசென்ஸ் உள்ள ஒரு தவளை ஆர்வலரிடம் நடந்ததைச் சொல்லி ஒப்படைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. பையன் காரில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஆர்வலர் சொல்லித்தான் தெரிந்தது: குயின்ஸ்லாந்திலிருந்து வரும் வாழைப்பழப் பெட்டிகளோடு பச்சை மரத்தவளைகள் சிட்னி வரை வந்துவிடுகின்றன. நோய் பயத்தால் அவற்றைத் திருப்பி விடமுடியாது. இங்கே ஃப்ராக் அண்ட் டாட்போல் ஸ்டடி குரூப் என்ற சங்கத்தார் அவற்றைத் தனியே வைத்துப் பார்த்து, லைசென்ஸ் உள்ளவர்களுக்கு வளர்க்கக் கொடுக்கிறார்கள். நான் கார் பார்க்கில் நின்றதற்கு அங்கே போயிருக்கலாம்.

இப்போது முறையாக லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். பச்சை மரத்தவளை 15 வருஷத்துக்கு மேலும் வாழும் என்பதால், பையன் கல்லூரிக்குப் போனபின் யார் தீனி போடுவது என்று வீட்டில் இப்போதே பஞ்சாயத்து. தொட்டி காலி. தீனிக்கு வாங்கிய சுவர்க்கோழிகளில் பாதி தப்பித்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால் குடியேறி, ராத்திரி முழுக்கக் கத்துகின்றன.