கன்சர்வன்சியா, அறிவிக்கப்பட்ட காப்பகமா?

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் டோங்காட், வெருலம் பக்கம் கரும்புத் தோட்டத்தை ஒட்டி ஓடைக்காடு வைத்திருக்கும் நம்மவர்களின் குழப்பம் இது: அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து கன்சர்வன்சி (நில உரிமையாளர்கள் தாமாகக் கூடி இயற்கையைக் காக்கும் குழு) தொடங்குவதா, காட்டைச் சட்டப்படி இயற்கைக் காப்பகமாக அறிவிக்கச் செய்வதா?

தொடங்குவது
கன்சர்வன்சி: நில உரிமையாளர்கள் கூடி ஒப்புக்கொண்டு தொடங்கலாம். 1978இல் இதே மாகாணத்தின் பால்கோவனில் பிறந்த முறை.
காப்பகம்: மாகாண இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான எசெம்வெலோவின் மதிப்பீடு, ஒப்பந்தம், மேலாண்மைத் திட்டம், அரசிதழ் அறிவிப்பு. பொறுமை வேண்டும்.

செலவு
கன்சர்வன்சி: சந்தாவும் சனிக்கிழமை உழைப்பும்.
காப்பகம்: காட்டை ஆக்கிரமிக்கும் உண்ணிச்செடியை அகற்றுவது இங்கும் உங்கள் தலையில்தான். ஆனால் ஒப்பந்தம் 99 ஆண்டுக்குக் குறையாமல் இருந்தால் வருமான வரிக் கழிவு கிடைக்கும்.

நிலைப்பு
இங்கேதான் உண்மையான வேறுபாடு. கன்சர்வன்சி முழுக்க விருப்பத்தின் பேரில் நடப்பது. ஓர் உறுப்பினர் நிலத்தை விற்றுவிட்டால், வாங்கியவர் அடுத்த மாதமே மரத்தை வெட்டிக் குடியிருப்பு கட்ட விண்ணப்பிக்கலாம். உங்கள் குழுவின் தீர்மானம் அவரைக் கட்டுப்படுத்தாது. 2003ஆம் ஆண்டின் 57ஆம் சட்டமான பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டப்படி அறிவித்த காப்பகத்தின் ஒப்பந்தமோ நிலப்பத்திரத்தில் பதிவாகிறது, விற்றாலும் தொடரும். (பிள்ளைகளையும் கட்டுப்படுத்தும். வீட்டில் பேசாமல் கையெழுத்திட வேண்டாம்.)

வீட்டுக் கொல்லைகளும் சிற்றோடைகளும்தான் என்றால் கன்சர்வன்சி. நீல டைக்கர் மான் நடமாடும், துண்டாகாத கடலோரக் காடு என்றால் நான் காப்பகத்தையே சொல்வேன். கன்சர்வன்சிக்குள்ளேயே ஒருவர் தன் காட்டை மட்டும் காப்பகமாக்கவும் தடையில்லை.