நெல்லையில் எஃப்பிஜிஏ போர்டுக்கு ஈதர்நெட் போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்து கொடுக்கும் கடைகளில் இப்போது பையன்கள் அட்வான்ஸ் கட்டிக்கொண்டிருக்கிற நேரம் என்பதால் அவசரமாக எழுதுகிறேன். நெல்லையில் அப்படி ஒரு கடையில் என்னுடைய எஃப்பிஜிஏ போர்டுக்கு (நமக்கு வேண்டிய சர்க்யூட்டை நாமே உள்ளே ஏற்றிக்கொள்ளும் சிப் வைத்தது) ஈதர்நெட் போர்டு, அதாவது நெட்வொர்க் கேபிள் செருகும் போர்டு, செய்து வாங்கி 8,500 ரூபாய் ஏமாந்தேன். கடையின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அவர்கள் எப்படி ஏமாற்றினார்கள் என்பதை முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதே வித்தையை வேறு கடையிலும் காட்ட முடியும்.

எனக்கு எதற்கு ஈதர்நெட் என்றால், பணகுடி பக்கம் காற்றாலை சர்வீஸில் இருக்கும் நண்பனுக்காக கியர்பாக்ஸ் அதிர்வைப் பதிவு செய்யும் ஒரு கருவி செய்துகொண்டிருக்கிறேன். மூன்று சென்சார், ஒவ்வொன்றிலும் நொடிக்கு 50,000 சாம்பிள், 16 பிட். கணக்குப் போட்டால் நொடிக்கு 24 லட்சம் பிட் வருகிறது, 115200 பாட் சீரியலில் இது போகவே போகாது. யூஎஸ்பி கேபிள் அஞ்சு மீட்டருக்கு மேல் நம்ப முடியாது, கோபுரத்தின் உச்சியிலிருந்து கீழே லேப்டாப் வரை இழுக்க வேண்டும். ஈதர்நெட் என்றால் 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். என்னிடம் இருப்பது சைக்ளோன் 4 வகை, இபி4சிஇ10 சிப் வைத்த மலிவு போர்டு. அதில் நெட்வொர்க் போர்ட் கிடையாது, ஓரத்தில் பின் ஹெடர்கள் மட்டும்தான்.

கடையில் பேசும்போதே எனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினேன். டிபி83848 பிஎச்ஒய் சிப் (கேபிளில் சிக்னலை அனுப்பி வாங்குவது), 100 எம்பிபிஎஸ், டிரான்ஸ்பார்மர் உள்ள ஆர்ஜே45 ஜாக், மேக் கோரின் (எஃப்பிஜிஏவுக்குள் ஏற்றுகிற, ஈதர்நெட் டேட்டாவைக் கையாளும் சர்க்யூட் டிசைன்) வெரிலாக் மொழி சோர்ஸ் கோடு, போர்டில் உள்ள ஃபிளாஷிலிருந்து தானே பூட் ஆக வேண்டும், இவ்வளவுதான். கடைக்காரர் "ஓகே தம்பி, எங்க சொந்த கோர்தான், டெஸ்ட் பண்ணித்தான் கொடுப்போம்" என்று பதில் போட்டார். அந்த மெசேஜ் இன்னும் இருக்கிறது. 5,000 அட்வான்ஸ், மீதி டெலிவரியில்.

டெலிவரி அன்று மேஜையில் எல்லாம் ஓடியது, அதை மறுக்க மாட்டேன். அரை மீட்டர் பேட்ச் கார்டு ஒன்று ஸ்விட்சுக்குப் போகிறது, லிங்க் லைட் எரிகிறது, பிங் அடித்தால் பதில் வருகிறது. கம்ப்யூட்டரிலிருந்து எஃப்பிஜிஏவுக்கு டிசைனை ஏற்றும் யூஎஸ்பி பிளாஸ்டர் கேபிள் மட்டும் போர்டிலேயே செருகியிருந்தது. கழற்றிக் காட்டுங்கள் அண்ணாச்சி என்றேன், "லோட் பண்ணி வச்சிருக்கேன், கழத்தினா திரும்ப முதல்ல இருந்து பண்ணணும், வீட்டுக்குப் போய் பாத்துக்கிடுங்க" என்றார். மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு பென் டிரைவில் ஒரே ஒரு எஸ்ஓஎஃப் ஃபைலை (கம்பைல் செய்து முடித்த டிசைன்) போட்டுக் கொடுத்தார். சோர்ஸ் கோடு எங்கே என்றதற்கு ராத்திரி மெயில் பண்ணுகிறேன் என்றார். வரவில்லை.

வீட்டில் அந்த ஃபைலை லோட் செய்ததும் குவார்ட்டஸ் (என் எஃப்பிஜிஏவைச் செய்யும் ஆல்டெரா கம்பெனியின் சாஃப்ட்வேர்) திரையில் ஒரு சின்ன ஜன்னல் வந்து நின்றது, தலைப்பு ஓப்பன்கோர் பிளஸ் ஸ்டேட்டஸ். இது தெரிந்தவர்களுக்கு அந்த இடத்திலேயே கதை முடிந்துவிடும். காசு கொடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டிய ஆல்டெரா கோரை, லைசென்ஸ் இல்லாமல் சோதனைக்காக மட்டும் கம்பைல் செய்தால்தான் அது வரும். ஃபைல் பெயரிலேயே டைம் லிமிட்டட் என்று குவார்ட்டஸ் ஒட்டிவிடும், இவர்கள் அதை அழித்துவிட்டு ஃபைனல் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பிளாஸ்டர் கேபிள் கம்ப்யூட்டரோடு இணைந்து, அந்த ஜன்னல் திறந்திருக்கும் வரை கோர் ஓடும். கேபிளைக் கழற்றினால் அதிகபட்சம் ஒரு மணி நேரம், அப்புறம் நின்றுவிடும். பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கிவிட்டுச் சாப்பிடப் போனேன், வந்து பார்த்தால் பதில் வருவது நின்றிருந்தது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எஃப்பிஜிஏ பவர் போனதும் எல்லாவற்றையும் மறந்துவிடும், ஒவ்வொரு முறையும் ஃபிளாஷிலிருந்துதான் திரும்ப ஏற்றிக்கொள்ளும். ஃபிளாஷில் எழுத அந்த எஸ்ஓஎஃப்பை ஜேஐசி ஃபைலாக மாற்ற வேண்டும். டைம் லிமிட்டட் ஃபைலை குவார்ட்டஸ் மாற்றவே விடாது. அதாவது எனக்கு விற்றது எந்தக் காலத்திலும் தனியாக ஓட முடியாத ஒரு சாதனம். சொந்த கோர் என்று சொன்னது சுத்தப் பொய்.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன், கோர் எப்படியும் வேறு எழுதிக்கொள்ளலாம். ஜாக்கைப் பார்த்த பிறகுதான் உண்மையிலேயே கோபம் வந்தது. ஈதர்நெட் ஜாக்குக்கும் பிஎச்ஒய் சிப்புக்கும் நடுவில் சின்ன டிரான்ஸ்பார்மர்கள் இருக்க வேண்டும். ஜாக்குக்குள்ளேயே இருக்கும், இல்லாவிட்டால் பக்கத்தில் 16 கால் உள்ள கறுப்புப் பெட்டியாகத் தனியாக இருக்கும். கேபிளில் வருகிற மின்சாரம் போர்டுக்குள் புகாமல் தடுப்பது அதுதான். 1,500 வோல்ட் ஏசியை ஒரு நிமிஷம் தாங்க வேண்டும் என்று ஈதர்நெட் ஸ்டாண்டர்டிலேயே இருக்கிறது. இந்தப் போர்டில் பக்கத்தில் எதுவும் இல்லை, ஜாக்கும் சந்தேகப்படும்படி குட்டையாக, கையில் வைத்தால் கனமே இல்லாமல் இருந்தது. மல்டிமீட்டரை பீப்பில் வைத்து ஒரு முனையை ஜாக்கின் முதல் தங்கக் கம்பியிலும் மறுமுனையை பிஎச்ஒய் சிப்பின் டிஎக்ஸ் (சிக்னல் அனுப்பும்) காலிலும் வைத்தேன். பீப். நேராக ஒயர் போட்டு இணைத்திருக்கிறார்கள். முதல் கம்பிக்கும் இரண்டாவது கம்பிக்கும் நடுவே அளந்தால் சுமார் 100 ஓம் காட்டுகிறது, டிரான்ஸ்பார்மர் சுருள் இருந்திருந்தால் ஏறக்குறைய ஷார்ட்டாகத்தான் காட்டியிருக்க வேண்டும்.

மேஜையில் அரை மீட்டர் கேபிளில் இது ஓடிவிடும், ஏனென்றால் எதிர்ப்பக்கம் ஸ்விட்சில் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. ஆனால் காற்றாலை கோபுரத்தின் மேலே ஒரு எர்த், கீழே ஒரு எர்த், நடுவில் ஜெனரேட்டர், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தால் மேலே இடி மின்னல். அங்கே இதை மாட்டியிருந்தால் முதலில் பிஎச்ஒய், அடுத்து எஃப்பிஜிஏ, அதோடு அந்த நேரத்தில் போர்டில் கை வைத்திருப்பது யாரோ அவர். என் நண்பன்தான் அங்கே ஏறி நிற்பவன். டிரான்ஸ்பார்மர் உள்ள ஜாக்குக்கும் வெறும் ஜாக்குக்கும் இருக்கும் விலை வித்தியாசத்துக்காக இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திரும்பப் போய்க் கேட்டபோது கடைக்காரர் முகம் கூட மாறவில்லை. "எல்லா கோரும் அப்படித்தான் தம்பி, பவர் போனா திரும்ப லோட் பண்ணிக்கிடணும்." ஜாக் விஷயம் கேட்டால் "அதுல என்ன இருக்கு, லிங்க் லைட் எரியுதுல்லா?" என்கிறார். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு, ப்ராஜெக்ட் வேலைக்கு ரிட்டர்ன் கிடையாது என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். பில் கேட்டால் ஜிஎஸ்டி நம்பர் இல்லாத எஸ்டிமேட் தாளில் போர்டு வேலை என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். வாங்கி வைத்திருக்கிறேன். அதையும் ஜிபே ரசீதையும் சாட்டையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம்.

ப்ராஜெக்டுக்கு எஃப்பிஜிஏ ஈதர்நெட் வேண்டும் என்கிற தம்பி தங்கைகளுக்கு: இதற்கு எந்தக் கடையும் தேவையே இல்லை. வேகம் அவ்வளவு வேண்டாம் என்றால் டபிள்யூ5500 மாட்யூல் போதும், டிசிபி ஐபி முழுக்க அந்தச் சிப்புக்குள்ளேயே இருக்கிறது, நீங்கள் எழுத வேண்டியது அந்தச் சிப்போடு நாலு ஒயரில் பேசும் ஒரு எஸ்பிஐ இணைப்பு மட்டும்தான். 100 எம்பிபிஎஸ் முழுசாக வேண்டுமென்றால் எல்ஏஎன்8720 பிஎச்ஒய் மாட்யூலை வாங்கி லைட்ஈத் மாதிரி ஓப்பன் சோர்ஸ் கோரைப் போடலாம், லைசென்ஸ் பிரச்சினை கிடையாது. ஜாக்கின் மேல் எச்ஆர்911105ஏ என்று இருந்தால் அது டிரான்ஸ்பார்மர் உள்ள மாடல், ஆனாலும் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே எங்காவது அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்கள் என்றால், மீதிப் பணம் கொடுக்கும் முன் பிளாஸ்டர் கேபிளைக் கழற்றி, பவரை அணைத்துப் போட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் பிங் ஓடுகிறதா என்று அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். சோர்ஸ் கோடு உங்கள் லேப்டாப்பில், உங்கள் கண் முன்னால் கம்பைல் ஆக வேண்டும்.

இதே மாதிரி டைம் லிமிட்டட் ஃபைல் யாருக்காவது கொடுத்திருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், நாலைந்து பேர் சேர்ந்து புகார் கொடுத்தால் வலு இருக்கும்.